தேனும் பச்சை, அச்சமும் பச்சை

ஹோமரின் 'இலியட்' காவியத்தில் தேனுக்கு ஓர் அடைமொழி வருகிறது: 'குளோரோஸ்'. போர்க்களத்தில் வீரர்களைப் பிடித்து உலுக்கும் அச்சத்துக்கும் அதே அடைமொழிதான். 'ஒடிசி'யில் ஒற்றைக்கண் அரக்கன் வெட்டிக் காயப் போட்டிருக்கும் ஒலிவ மரத் தடியும் குளோரோஸ். சில நூற்றாண்டுகள் கழித்து, ஏதென்ஸ் நாடகாசிரியர் சோபக்ளீஸ் கண்ணீரையும் கடற்கரை மணலையும் இந்தச் சொல்லால் குறித்தார். யூரிப்பிடீஸ் இரத்தத்தையே குறித்தார். அரிஸ்டோபனீஸின் நகைச்சுவை நாடகம் ஒன்றில், தன் சத்திரத்துக்கு வந்தவன் கூடையோடு தின்று தீர்த்துவிட்டான் என்று சத்திரக்காரி புலம்புகிறாளே, அந்தப் பாலாடைக்கட்டியும் குளோரோஸ்தான்.

அகராதியைத் திறந்தால் முதலில் நிற்கும் பொருள், மஞ்சள் கலந்த வெளிர்பச்சை. 1810இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி அந்த நிறத்தில் இருந்த வாயுவுக்குக் குளோரின் என்று பெயரிட்டது இதை வைத்துத்தான். வாயுவுக்குப் பொருந்துகிறது. இரத்தத்துக்கும் கண்ணீருக்கும் எப்படிப் பொருந்தும்?

இந்தச் சிக்கல் பெரிய அறிஞர்களையே தடுமாற வைத்தது. பின்னாளில் நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டன், 1858இல் ஹோமரைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். ஹோமர் காலத்துக் கிரேக்கர்களுக்கு நிறங்களைப் பிரித்தறியும் உணர்வே முழுதாக வளரவில்லை என்பது அதில் அவர் வந்தடைந்த முடிவு. ஒரு சமூகத்தின் கண்ணையே சந்தேகிக்கும் முடிவு அது.

தமிழ் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் இவ்வளவு திணற வேண்டியதில்லை. பச்சைத் தண்ணீரில் பச்சை நிறம் இல்லை. பச்சரிசி வெள்ளையாக இருக்கிறது. பச்சைக் குழந்தை, பச்சைப் புண், பச்சை மண், பச்சை மரம் எல்லாவற்றிலும் நாம் சொல்வது ஈரத்தை, காயாத தன்மையை, இப்போதுதான் உண்டான புதுமையை. குளோரோஸும் இதே பரப்பில் நடமாடிய சொல். அரக்கனின் தடி இன்னும் காயாத பச்சை மரம். சத்திரக்காரியின் பாலாடைக்கட்டி அன்றைக்குப் பிடித்தது. யூரிப்பிடீஸின் இரத்தம் இப்போதுதான் கசிந்தது.

அச்சத்துக்கு ஏன் அந்தச் சொல் என்பதற்கும் தமிழிலேயே ஒரு வழி திறக்கிறது. பிரிவில் வாடும் பெண்ணின் மேனியில் படரும் நிறமாற்றத்தைச் சங்கப் பாடல்கள் பசலை என்கின்றன. திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என்று அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. பசுமையும் பசலையும் ஒரே வேரில் கிளைத்தவை. செழித்த இலையின் நிறத்தைச் சொல்லும் வேரே இரத்தம் வடிந்த முகத்தின் நிறத்தையும் சொல்கிறது. காதலால் நிலைகுலைந்த பெண்ணின் நிறத்தைப் புல்லோடு சேர்த்துச் சொல்ல கிரேக்கக் கவிஞர் சாப்போ கையாண்டதும் குளோரோஸ் என்ற சொல்லைத்தான். விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் மரணம் ஏறிவரும் குதிரை குளோரோஸ். அதே நூலில் எரிந்துபோகும் புல்லும் குளோரோஸ். தமிழில் பெயர்த்தவர்கள் குதிரைக்கு மங்கின நிறத்தையும் புல்லுக்குப் பசுமையையும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டுமே சரி.

ஆனால் ஒரு மொழிக்குள் பொருந்துவது இன்னொரு மொழிக்குச் சான்றாகிவிடாது. பச்சை என்ற சொல் நமக்கு ஊகம் தரலாம். ஊகத்தை உறுதிப்படுத்தக் கிரேக்கத்திலிருந்தே சாட்சி வேண்டும். பேசியவர்கள் மறைந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆன நிலையில், அந்தச் சாட்சியை எங்கிருந்து திரட்டுவது?

முதல் வழி, அந்தச் சொல் வரும் இடங்களையெல்லாம் தேடி, வரிசைப்படுத்திப் பார்ப்பது. ஆக்ஸ்போர்டில் ஹென்றி லிடலும் ராபர்ட் ஸ்காட்டும் 1843இல் வெளியிட்ட கிரேக்க அகராதி அப்படி உருவானதுதான். ஃபிரான்ஸ் பாசோ என்ற ஜெர்மானிய அறிஞரின் அகராதியை அவர்கள் அடித்தளமாக எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சொல்லும் தன் வரலாற்றைத் தானே சொல்லும்படி, பழைய எடுத்துக்காட்டில் தொடங்கிக் காலவரிசையில் அடுக்க வேண்டும் என்பது பாசோவின் கொள்கை. ஹென்றி ஸ்டூவர்ட் ஜோன்ஸ் திருத்திய ஒன்பதாம் பதிப்பு 1925க்கும் 1940க்கும் இடையில் பகுதி பகுதியாக வந்தது. இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்தப் பதிப்பைத்தான் இன்றும் உலகெங்கும் கிரேக்கம் படிப்பவர்கள் புரட்டுகிறார்கள். லிடலின் மகள் ஆலிஸுக்குச் சொன்ன கதையிலிருந்துதான் லூயிஸ் கரோலின் புகழ்பெற்ற 'ஆலிஸ்' பிறந்தது என்பது பலருக்குத் தெரியும். அவள் தந்தையின் வாழ்நாள் உழைப்பு இது என்பது அவ்வளவாகத் தெரியாது.

கிரேக்கர்களுக்கே தங்கள் பழைய சொற்கள் புரியாமல் போயிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஹோமரின் அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதிய பள்ளிக்கூடப் பட்டியல்கள் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. அலெக்சாந்திரியாவின் ஹெசிகியஸ் ஏறத்தாழ கி.பி. 5ஆம், 6ஆம் நூற்றாண்டுகளில் தொகுத்த அருஞ்சொல் அகராதி ஒரே ஒரு கையெழுத்துப் படியில் தப்பிப் பிழைத்து வெனிஸில் இருக்கிறது. வேறெங்கும் காணாத எத்தனையோ வட்டாரச் சொற்கள் அந்த ஒரு படியில்தான் உயிரோடு இருக்கின்றன.

இலக்கியத்தை மட்டும் நம்பியதில் ஒரு பெரிய குறை இருந்தது. கவிஞரும் தத்துவவாதியும் சொன்னது தெரிந்தது. சந்தையில், வயலில், வீட்டில் பேசிய பேச்சு தெரியவில்லை. அதைக் கொண்டுவந்தது குப்பைமேடு.

கெய்ரோவுக்குத் தெற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், பழங்காலத்தில் ஆக்சிரிங்கஸ் என்று அழைக்கப்பட்ட ஊர் இருக்கிறது. மழையே இல்லாத அந்த மண்ணில் ஊரார் நூற்றாண்டுக் கணக்கில் கொட்டிய குப்பை மட்காமல் கிடந்தது. 1896ஆம் ஆண்டு குளிர்காலத்தில் பெர்னார்ட் கிரென்ஃபெல், ஆர்தர் ஹன்ட் என்ற இரண்டு ஆக்ஸ்போர்டு இளைஞர்கள் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். பாப்பிரஸ் என்ற பழங்கால எழுதுதாளின் துண்டுகள் கூடை கூடையாக வந்தன. சாப்போவும் சோபக்ளீஸும் கிடைத்தார்கள். ஆனால் மிகப் பெரும்பகுதி குத்தகைப் பத்திரம், வரி ரசீது, புகார் மனு, கடிதம், செலவுக் கணக்கு. பச்சைத் தீவனத்தைக் குறிக்க விவசாயிகள் குளோரோஸின் பன்மையைச் சாதாரணமாக எழுதிவந்தார்கள் என்பது இத்தகைய குத்தகைப் பத்திரங்களில் தெரிகிறது. நாம் தேடிய சாட்சிகளில் ஒன்று அது.

அவர்கள் பதிப்பித்த பாப்பிரஸ்களின் முதல் தொகுதியிலேயே தியோன் என்ற சிறுவன் எழுதிய கடிதம் இருக்கிறது. அவன் தந்தையின் பெயரும் தியோன்தான். தன்னை நகரத்துக்கு அழைத்துப் போகாமல் தந்தை மட்டும் போய்விட்டார் என்று பையனுக்குக் கோபம். அலெக்சாந்திரியாவுக்குக் கூட்டிப் போகாவிட்டால் கடிதம் எழுத மாட்டேன், பேச மாட்டேன், கேட்டதை அனுப்பாவிட்டால் சாப்பிட மாட்டேன், தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று அடுக்குகிறான். எழுத்துப்பிழைகள் ஏராளம். 'குடிக்கிறேன்' என்பதற்கு 'பினோ' என்று இகரம் போட வேண்டிய இடத்தில் 'எய்' என்ற இரட்டை உயிரெழுத்தைப் போட்டிருக்கிறான். காதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தால்தான் இந்தப் பிழை வரும். ஆக, ரோமர் காலத்து எகிப்தில் இரண்டும் ஒரே ஒலியாகிவிட்டன. இலக்கணநூல் சொல்லாத செய்தியை ஒரு சிறுவனின் பிழை சொல்லிவிடுகிறது. பாப்பிரஸ் ஆய்வில் இதைவிட நெஞ்சைத் தொடும் கடிதம் அரிது.

இந்தக் குப்பையால் மிகப் பெரிய மாற்றம் கண்டது புதிய ஏற்பாட்டின் கிரேக்கம். பிளேட்டோவின் நடையிலிருந்து அது விலகி நின்றதால், தெய்வ வெளிப்பாட்டுக்கென்றே அமைந்த தனி மொழி என்று 19ஆம் நூற்றாண்டில் சிலர் நம்பினார்கள். ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் டெய்ஸ்மன் 1895இலும் 1908இலும் வெளியிட்ட நூல்களில் அந்த நம்பிக்கையைத் தகர்த்தார். புதிய ஏற்பாட்டுக்கே உரியவை என்று கருதிய சொற்கள் பலவும் பாப்பிரஸ்களிலும் பானை ஓடுகளில் எழுதிய ரசீதுகளிலும் சர்வசாதாரணமாகப் புழங்கின. ஏழை எளியவர்கள் பேசிய பொதுக் கிரேக்கம் அது.

'அபெக்கோ' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பகட்டுக்காகத் தர்மம் செய்பவர்களைப் பற்றி மத்தேயு நற்செய்தியில் இயேசு பேசுகிறார். அவர்கள் தங்கள் பலனைப் பெற்றுவிட்டார்கள் என்னும்போது வரும் வினைச்சொல் இது. பானை ஓட்டு ரசீதுகளில் இந்தச் சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது: முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன், பாக்கி இல்லை. கேட்டுக்கொண்டிருந்த மீனவரும் வரி கட்டிய விவசாயியும் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பது இப்போது தெளிவாகிறது. கைதட்டல் வாங்கிய கணத்தோடு கணக்கு முடிந்தது, இனி வர வேண்டியது எதுவும் இல்லை. பாப்பிரஸ் ஆராய்ச்சி தொடங்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் மொழிபெயர்ப்பு இங்கே 'தீர்ந்தது' என்ற வினையைப் போட்டிருக்கிறது. கடன் தீர்வது நினைவுக்கு வரும் அந்தத் தேர்வைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைக் குறிக்கும் 'பருசியா'வும் இப்படித்தான். அரசரோ அதிகாரியோ ஊருக்கு வருவதைக் குறித்த அலுவலகச் சொல் அது. 1900இல் எகிப்தின் தெப்துனிஸ் என்னும் இடத்தில் பாடம் செய்த முதலைகளின் உடல்களைத் திறந்தபோது, பழைய அலுவலகப் பாப்பிரஸ்களைச் சுற்றியும் திணித்தும் வைத்திருந்தது தெரிந்தது. அவற்றில் ஒன்று கெர்கியோசிரிஸ் என்ற கிராமத்தின் மனு. அரசரின் பருசியாவுக்காக 80 அர்தபா (அக்காலத் தானிய அளவு) கோதுமை திரட்டும் வேலையில் ஊர் அதிகாரிகள் பட்ட பாடு அதில் இருக்கிறது. பேரரசர் வருகிறார் என்றால் ஊரே ஏற்பாட்டில் இறங்க வேண்டும், செலவை ஊரார்தான் சுமக்க வேண்டும். முதல் நூற்றாண்டில் பருசியா என்ற சொல் காதில் விழுந்தவர்களுக்கு இவ்வளவும் சேர்ந்தே விழுந்திருக்கும்.

எல்லாப் பூட்டுக்கும் குப்பையில் சாவி கிடைத்துவிடவில்லை. கிறிஸ்தவர்கள் நாள்தோறும் சொல்லும் இயேசு கற்பித்த ஜெபத்தில், அப்பத்துக்கு 'எபியூசியோஸ்' என்ற அடைமொழி இருக்கிறது. மத்தேயுவுக்கும் லூக்காவுக்கும் முன் யாரும் அதை எழுதியதாகக் காணோம். 3ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இறையியலாளர் ஒரிகனே, அறிஞர்களும் பாமரரும் பேசாத சொல் இது, நற்செய்தியாளர்களே படைத்தது போலிருக்கிறது என்று எழுதிவிட்டார். லத்தீனில் பெயர்த்த ஜெரோம் லூக்காவில் அதற்கு 'அன்றாட' என்ற சொல்லையும், மத்தேயுவில் 'இயல்பைக் கடந்த' என்ற பொருள்படும் சொல்லையும் போட்டார். ஒரே சொல், ஒரே ஜெபம், இரண்டு பொருள். தமிழிலும் 'வேண்டிய', 'அனுதின' என்று இரண்டு மரபுகள் இருக்கின்றன.

1889இல் ஒரு வெளிச்சம் தெரிந்தது. எகிப்தின் ஹவாராவில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த செலவுக் கணக்கு ஒன்றில் அந்தச் சொல்லின் தொடக்கப் பகுதியைப் படித்ததாக அறிஞர் ஆர்ச்சிபால்ட் செய்ஸ் அறிவித்தார். சோற்றுச் செலவுக் கணக்கில் வருகிறது என்றால், அன்றாடப் படி என்று பொருள் கொள்ளலாம். உரைநூல்களும் அகராதிகளும் அதைப் பிடித்துக்கொண்டன. மூலத் துண்டோ எங்கே போனது என்று தெரியாமல் மறைந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அது கண்டுபிடிக்கப்பட்டது. அதை மறுபடி படித்த இரண்டு டச்சு ஆய்வாளர்கள் 1999இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே இருந்த சொல் 'எலாயூ', அதாவது எண்ணெய். நூறாண்டுகளாக மேற்கோள் காட்டப்பட்ட ஒரே சாட்சி அன்றோடு போயிற்று. இருப்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும் இந்த நேர்மைதான் சொல்லாராய்ச்சியின் அழகு.

சாட்சி கிடைக்காத இடத்தில் பலரும் கைவைப்பது சொல்லின் வேரில். அரசியலில் ஈடுபடாதவனைக் கிரேக்கர்கள் 'இடியட்' என்று திட்டினார்கள் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். 'இடியோட்டேஸ்' என்ற சொல் 'தனக்குரிய' என்ற வேரிலிருந்து வந்தது உண்மைதான். ஏதென்ஸின் வழக்கில் அது பதவியில் இல்லாத தனிமனிதன், அல்லது ஒரு துறையில் பயிற்சி இல்லாதவன். கொள்ளைநோயை விவரிக்கும் இடத்தில் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், மருத்துவனாயினும் இடியோட்டேஸாயினும் தன் கருத்தைச் சொல்லட்டும் என்கிறார். பாமரன் என்பதற்குமேல் அதில் இழிவு எதுவும் இல்லை. பொதுக்காரியத்தில் ஒதுங்கி நிற்பவனைப் ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸ் கண்டிப்பதாகத் துசிடிடீஸ் எழுதிய உரையும் இருக்கிறது. அங்கே வரும் சொல் 'பயனற்றவன்' என்ற பொருள்படும் 'அக்ரெயோஸ்'. மேடைப் பேச்சுக்குச் சுவையான கதைதான். ஆனால் நூலைப் பிரித்துப் பார்த்தால் அங்கே அது இல்லை.

'எக்ளேசியா'வுக்கும் இதே விதி. 'வெளியே அழைக்கப்பட்டவர்கள்' என்று பிரித்து, உலகத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கூட்டம் என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. ஏதென்ஸ்காரர்களுக்கு அது பினிக்ஸ் குன்றில் கூடிய குடிமக்கள் பேரவை, அவ்வளவுதான். அப்போஸ்தலர் நடபடிகளில் எபேசு நகர அரங்கத்தில் திரண்டு கூச்சலிட்ட கும்பலுக்கும் அதே சொல்தான். வேரைப் பிடித்துக்கொண்டு பொருள் சொல்லும் இந்தப் பழக்கத்தை விவிலிய அறிஞர் ஜேம்ஸ் பார் 1961இல் விவிலியச் சொற்களைப் பற்றிய தன் நூலில் கடுமையாகச் சாடினார். திருச்சபை என்று சொல்லும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கு, ஊர்கூடும் சபை என்ற பழைய பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது.

சொல்லில் பொருளே இல்லாமல் தொனி மட்டும் இருந்தால் என்ன செய்வது? கிரேக்கத்தில் 'கே', 'தே', 'ஊன்' என்று இடைச்சொற்கள் குவிந்து கிடக்கின்றன. கிரேக்க அறிஞர் டெனிஸ்டன் 1934இல் இவற்றுக்கென்றே பல நூறு பக்கங்களில் ஒரு புத்தகம் எழுதினார். ஆங்கில மொழிபெயர்ப்பில் இவை பெரும்பாலும் காணாமல் போகின்றன. 'தான்', 'ஆவது', 'ஓ', 'ஏ' என்று நாள் முழுக்கப் பேசும் தமிழருக்கு இவை எளிதில் பிடிபடும். 'அவராவது வந்தாரே' என்பதில் ஆவது செய்யும் வேலையைக் 'கே' பல இடங்களில் செய்கிறது.

இரு மொழிகளும் நேருக்கு நேர் சந்தித்த இடங்களும் உண்டு. அயோனியக் கிரேக்கரைக் குறித்த பெயர் இந்திய மொழிகள் வழியாகத் தமிழில் யவனர் ஆயிற்று. முல்லைப்பாட்டில் யவனரோடு சேர்ந்து வரும் 'மத்திகை', அதாவது சவுக்கு, 'மாஸ்டிக்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் தமிழ் வடிவம் என்பது மொழியறிஞர்கள் பலரின் கருத்து. எதிர்த்திசையில் நமது இஞ்சி, பிராகிருதம் வழியாகச் சென்று கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' ஆனது. அரிசிதான் 'ஒரைசா' ஆயிற்று என்று நாம் பெருமையோடு சொல்வதைப் பல அறிஞர்கள் ஏற்பதில்லை. ஈரானிய மொழிகள் வழியாகப் போன சொல் என்பது அவர்கள் வாதம். ஒலி ஒத்திருப்பது ஒரு தொடக்கம்தான். ஒரு சொல் எந்த வழியாகப் பயணம் செய்தது என்று காட்டிய பிறகே பெருமைப்பட வேண்டும்.

ஒரே ஒரு கிரேக்கச் சொல்லின் பொருள் நம் கடல் வணிக வரலாற்றையே தொட்ட கதையும் இருக்கிறது. வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் 1985இல் வெளியிடப்பட்டது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் ஒரு பக்கத்தில் முசிறியைக் குறிப்பிடும் கடன் ஒப்பந்தம். அகநானூறு பாடும் அதே சேரர் துறைமுகம். மறுபக்கத்தில் 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலில் வந்த சரக்கின் மதிப்பு. கங்கைச் சடாமாஞ்சி 60 கலன்கள், யானைத் தந்தம் 78 தாலந்து எடைக்கு மேல். அதற்கடுத்து 'ஸ்கிடாய்' 13 தாலந்து எடைக்கு மேல்.

ஸ்கிடாய் என்பது பிளத்தல் என்ற வினையிலிருந்து வந்த அரிய சொல். முதலில் படித்தவர்கள் அதைத் துணித் துண்டுகள் என்று எடுத்துக்கொண்டார்கள். சேர நாட்டிலிருந்து துணி ஏற்றுமதி ஆனதற்கு அது ஆவணமாக மேற்கோள் காட்டப்பட்டது. பின்னர் வந்த ஆய்வாளர்கள் அந்தச் சொல் பட்டியலில் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கூர்ந்து பார்த்தார்கள். தந்தத்துக்கு அடுத்த வரிசை. தந்தத்தைப் போலவே எடை போட்ட சரக்கு. எடைக்கு எடை முழுத் தந்தத்தைவிடக் குறைந்த விலை. உடைந்த, சீவியெடுத்த தந்தத் துண்டுகள் என்றால் எல்லாம் பொருந்துகிறது. இன்று ஆய்வாளர்கள் ஏற்பது இந்தப் பொருளைத்தான். ஹெர்மபொல்லோனிலிருந்து துணி இறங்கிவிட்டது. முழுக் கொம்போடு துண்டு துணுக்குகளையும் தனி விலை போட்டு விற்ற தந்தச் சந்தை ஒன்று முசிறியின் கணக்கில் ஏறியிருக்கிறது. அந்தக் கப்பலைத் துணி வணிகத்துக்குச் சான்றாகக் காட்டும் நம் நூல்கள் அடுத்த பதிப்பிலாவது இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.